3டி பிரிண்டரில் துப்பாக்கி: புதுத் தடைச் சட்டங்கள் யாரைப் பிடிக்கப்போகின்றன?

நாடகப்பட்டறை

வணக்கம். மேடை நாடகங்களுக்குப் பொருட்கள் செய்து கொடுப்பது என் வேலை. கிரீடம், வாள், டயல் வைத்த பழைய தொலைபேசி, கதை கேட்டால் துப்பாக்கி. முன்பு மரத்தில் செதுக்கியதையெல்லாம் இப்போது 3டி பிரிண்டரில் எடுக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2026 தொடக்கத்தில் நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அந்த மாநிலத்தில் விற்கும் 3டி பிரிண்டர்கள், துப்பாக்கிப் பாகங்களை அச்சிட மறுக்கும் வசதியோடுதான் வர வேண்டுமாம். வாஷிங்டன் மாநிலத்திலும் கலிஃபோர்னியாவிலும் அதே சாயலில் மசோதாக்கள் வந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2015-லேயே இன்னும் ஒரு படி மேலே போய், துப்பாக்கியை அச்சிட உதவும் கணினிக் கோப்பைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கிவிட்டது. அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. கனடா 2023 டிசம்பரில் தன் பங்குக்கு ஒன்றை நிறைவேற்றியது.

திருட்டுத்தனமாகத் துப்பாக்கி செய்வது குற்றம் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. செய்தவனைப் பிடியுங்கள், விற்றவனையும் பிடியுங்கள். "துப்பாக்கி போலத் தெரியும் எதுவும்", "துப்பாக்கி செய்ய உதவக்கூடிய எந்தக் கோப்பும்", "கணினிக் கட்டளைப்படி பொருள் செய்யும் எந்த இயந்திரமும்" என்று வலையை அகட்டிக்கொண்டே போகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. உண்மையான கள்ளத் துப்பாக்கிக்காரன் அந்த வலையில் மாட்டுகிறானோ இல்லையோ, நான் நிச்சயம் மாட்டுவேன்.

எந்த நாட்டில் மசோதா வந்தாலும் அங்கிருப்பவர் எடுத்து அனுப்புகிற மாதிரி ஒரு பொதுக் குறிப்பு தயாரிக்கலாம் என்று நினைக்கிறேன். சட்டம், ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்), காவல் துறை என்று ஆளுக்கு ஒன்று தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வந்து பேசுங்கள்.

சும்மா_ஒருவன்

இதில் பேச என்ன இருக்கிறது? தடையே வேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள். 2013 மே மாதம் டிஃபென்ஸ் டிஸ்ட்ரிபியூட்டட் என்ற அமெரிக்க நிறுவனம், 3டி பிரிண்டரில் எடுக்கும் 'லிபரேட்டர்' என்ற பிளாஸ்டிக் துப்பாக்கியின் கோப்புகளை இணையத்தில் போட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை ஆயுத ஏற்றுமதி விதியைக் காட்டி எடுக்கச் சொன்னபோது இரண்டே நாளில் ஒரு லட்சம் தடவைக்கு மேல் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனை சட்டம் போட்டாலும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

அப்புறம், கொலை செய்ய நினைப்பவனுக்கு பிரிண்டர் எதற்கு? 2022 ஜூலையில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்ட துப்பாக்கி உலோகக் குழாயை வைத்துக் கையால் கட்டியது. குழாயைத் தடை செய்வார்களா?

தடயம்

நான் ஓய்வுபெற்றவன். வேலை பார்த்த காலம் முழுக்க ஆயுதத் தடயப் பிரிவு. தம்பி, லிபரேட்டரைக் காட்டி வாதம் செய்வது பழைய கதை. அது ஒரே ஒரு தோட்டா சுடும். 2013-லேயே நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை அதைத் தாங்களே அச்சிட்டுச் சோதித்தார்கள், ஒன்று சுடும்போதே வெடித்துச் சிதறியது. அதை வைத்து "பொம்மை, பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னவர்கள் நிறைய பேர்.

ஆனால் விஷயம் அங்கேயே நிற்கவில்லை. 2019 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில் யூத வழிபாட்டுத் தலத்தைத் தாக்கியவன் கையில் வீட்டில் செய்த ஆயுதங்கள் இருந்தன, அவற்றில் சில பாகங்கள் அச்சிட்டவை. 2020-ல் எஃப்ஜிசி-9 என்ற அச்சிடும் துப்பாக்கியின் வடிவமைப்பு வெளியானது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மரில் ஆட்சியை எதிர்ப்பவர்கள் அதைக் கையில் எடுத்துச் சண்டை போட்டார்கள். அதாவது சண்டைக்களத்தில் பயன்படுகிற அளவுக்கு வந்துவிட்டது.

எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான தலைவலி முழு பிளாஸ்டிக் துப்பாக்கி கிடையாது. இரண்டு விஷயம். ஒன்று, துப்பாக்கியின் உடற்பகுதியை மட்டும் அச்சிட்டு, மற்ற உலோகப் பாகங்களை வெளியில் வாங்கிக் கோப்பது. அமெரிக்காவில் வரிசை எண் பொறிக்க வேண்டிய இடமே அந்த உடற்பகுதிதான். எண் இல்லையென்றால் யார் செய்தது, யார் விற்றது, யார் கைக்குப் போனது என்ற சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். இன்னொன்று, கட்டைவிரல் அளவுகூட இல்லாத மாற்றுப் பாகம். சாதாரணக் கைத்துப்பாக்கியை, விசையை ஒரு தடவை அழுத்தினால் தோட்டா தீரும்வரை சுடுவதாக மாற்றிவிடும். அமெரிக்கச் சட்டத்தில் அந்தத் துண்டே தனியாக ஓர் இயந்திரத் துப்பாக்கிக்குச் சமம். பறிமுதல் மேசையில் அதைப் பார்த்தால் சாவிக்கொத்தில் மாட்டும் ஏதோ பிளாஸ்டிக் சாமான் என்று தள்ளிவிடத் தோன்றும். உற்றுப் பார்த்தால்தான் அடுக்கடுக்காக அச்சிட்டதில் விழும் லேயர் கோடுகளும், உலோகம் உரசிய இடத்தில் கருப்பாகத் தேய்ந்திருப்பதும் தெரியும்.

இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் "தடையே வேண்டாம்" என்று குறிப்பு அனுப்பினால் யாரும் இரண்டாவது வரியைப் படிக்க மாட்டார்கள்.

மட்டுறுத்துநர்

பேச்சு நன்றாகப் போகிறது, தொடருங்கள். ஒன்று மட்டும்: கோப்புகள் எங்கே கிடைக்கும், எப்படிச் செய்வது என்று யாரும் எழுத வேண்டாம். ஏற்கெனவே ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

ஃபர்ம்வேர்_பித்தன்

தடயம் ஐயா சொல்லும் அபாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நியூயார்க், வாஷிங்டன் மாதிரி "பிரிண்டரே தடுக்கட்டும்" என்பது வேலைக்கு ஆகாத யோசனை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மசோதா எழுதுகிறவர்களுக்கு இதை யாரும் பொறுமையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

பிரிண்டருக்குப் போய்ச் சேருவது பொருளின் படம் கிடையாது. கணினியில் இருக்கும் வடிவத்தை ஸ்லைசர் மென்பொருள் மெல்லிய அடுக்குகளாக வெட்டி, ஜி-கோட் என்ற கட்டளை வரிசையாக மாற்றித் தருகிறது. நாசிலை (உருகிய பிளாஸ்டிக் வரும் முனை) இந்தப் புள்ளிக்கு நகர்த்து, போகும்போது இவ்வளவு ஃபிலமென்ட் (பிளாஸ்டிக் இழை) தள்ளு, சூட்டை 210 டிகிரியில் வை. இப்படி லட்சக்கணக்கான வரிகள். பல பிரிண்டர்களில் இதை வாசிப்பது ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். அது ஒரு வரி வாசிக்கும், மோட்டாரை நகர்த்தும், அடுத்த வரிக்குப் போகும். தான் செய்வது பூந்தொட்டியா பிஸ்டலா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதனிடம் நினைவகமும் கிடையாது.

சரி, ஸ்லைசரில் தடுக்கலாமே என்பார்கள். அங்கே இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, தெரிந்த கோப்புகளின் அடையாளங்களைப் பட்டியல் போட்டு ஒப்பிடுவது. கோப்பில் ஒரு மூலையை அரை மில்லிமீட்டர் இழுத்தால் அடையாளம் மாறிவிடும். இரண்டாவது வழி, வடிவத்தைப் பார்த்துத் துப்பாக்கிப் பாகமா என்று ஊகிப்பது. துப்பாக்கிக்குள் இருப்பதெல்லாம் என்ன? குழாய், நெம்புகோல், ஸ்பிரிங் உட்காரும் பள்ளம், பின் நுழையும் துளை. சைக்கிள் பிரேக்கிலும் இதுதான், தையல் இயந்திரத்திலும் இதுதான். ஊகத்தை இறுக்கினால் நல்ல பொருளெல்லாம் மாட்டும். தளர்த்தினால் ஐயா சொன்ன கட்டைவிரல் துண்டு ஜம்மென்று போய்விடும்.

ரூபாய் நோட்டை ஜெராக்ஸ் இயந்திரம் நகலெடுக்க மறுக்கிறதே, அதே போல ஏன் முடியாது என்று கேட்பவர்களுக்கு: பல நாட்டு நோட்டுகளில் யூரியன் என்று சொல்லப்படும் சின்ன வட்டங்களின் அமைப்பு வேண்டுமென்றே அச்சிடப்பட்டிருக்கிறது. இயந்திரம் அந்த வட்டங்களைத் தேடுகிறது, அவ்வளவுதான். நோட்டை வடிவமைக்கும் வங்கியே "நான் நோட்டு" என்று முத்திரை குத்தித் தருகிறது. கள்ளத் துப்பாக்கி வடிவமைப்பவன் தன் கோப்பில் அப்படி முத்திரை குத்தித் தருவானா?

இன்னொன்று. 2005-ல் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ரேப் திட்டத்தைத் தொடங்கியபோது நோக்கமே, தன் பாகங்களில் பெரும்பகுதியைத் தானே அச்சிடும் இயந்திரம் என்பதுதான். வீட்டு பிரிண்டர்களின் பூர்வீகமே அது. மார்லின், கிளிப்பர் போன்ற ஃபர்ம்வேர்கள் திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். கடையில் விற்கும் பெட்டிக்குப் பூட்டு போட்டால், தவறு செய்ய நினைப்பவன் மோட்டாரும் போர்டும் வாங்கித் தானே கட்டிக்கொள்வான். பூட்டு மிஞ்சுவது பள்ளிக்கூடத்துக்கும் நாடகப்பட்டறைக்கும்தான்.

அல்லிராணி

பள்ளிக்கூடம் என்று சொன்னதால் வருகிறேன். நான் பள்ளி அறிவியல் கூடத்தில் 3டி பிரிண்டர்களைப் பார்த்துக்கொள்பவள். நியூயார்க் சட்டமன்றத்தில் இதற்கு முன்பு ஏ2228 என்று ஒரு மசோதா வந்தது. துப்பாக்கி அச்சிடக்கூடிய 3டி பிரிண்டர் வாங்குபவரின் குற்றப் பின்னணியை விற்பவர் சரிபார்க்க வேண்டும் என்று. எந்த பிரிண்டர் "அச்சிடக்கூடியது", எது "முடியாதது"? பெட், அதாவது பொருள் அச்சாகும் தட்டு, கொஞ்சம் பெரிதாக இருந்தால் எல்லாமே முடிந்ததுதானே.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, ஃபர்ம்வேர்_பித்தன் சொன்ன, வடிவத்தை ஊகிக்கும் வழி. சின்ன போர்டால் முடியாது என்றால் கோப்பை எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்பித்தான் சரிபார்க்க வேண்டும். மாணவர்கள் வரையும் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுவிட்டு வர வேண்டுமா? ஒரு பையன் செயற்கைக் கை செய்கிறான், அதில் விரலை இழுக்கும் நெம்புகோல் இருக்கிறது. இயந்திரம் "சந்தேகத்துக்குரிய பொருள்" என்று நிறுத்தி எங்கோ பதிவும் செய்துவிட்டால், அந்தப் பையன் பெயர் எந்தப் பட்டியலில் போய் உட்காரும்? யார் எடுப்பார்கள்?

ஆனால் நாடகப்பட்டறை அண்ணாவுக்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். மாதிரித் துப்பாக்கி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் முழுமையாக இல்லை. 2014 நவம்பரில் கிளீவ்லேண்டில் டாமிர் ரைஸ் என்ற 12 வயதுப் பையனைக் காவலர் சுட்டுக் கொன்றார். அவன் கையில் இருந்தது பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் பொம்மை. பொம்மை என்று காட்ட நுனியில் இருக்க வேண்டிய ஆரஞ்சு நிறம் இல்லை. சுட்டவர் மேல் ஆயிரம் கேள்வி இருக்கிறது, அது தனிக் கதை. அசல் போலவே தெரியும் பொருள் பிள்ளைகள் கையில் சுலபமாகக் கிடைக்கக்கூடாது என்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

நாடகப்பட்டறை

அல்லிராணி அம்மா, நியாயமான கேள்வி. எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

மேடைத் துப்பாக்கியைக் குழல் துளையே இல்லாமல் கெட்டியாகத்தான் அச்சிடுவேன். வாய்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் குழித்துக் கருப்பு அடிப்பேன், அரங்கிலிருந்து பார்த்தால் துளை மாதிரி தெரியும். லேயர் கோடுகள் தெரியாமலிருக்க புட்டி பூசி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, கருப்பு பிரைமர் அடித்து, காய்ந்ததும் பென்சில் கிராஃபைட் தூளை விரலால் தேய்ப்பேன். விளிம்புகளில் மட்டும் கொஞ்சம் கூடத் தேய்த்தால் உறையில் உரசி உரசிப் பளபளத்த இரும்பாகவே ஆகிவிடும். எடைக்கு உள்ளே ஈயக்குண்டு. நடிகர் தூக்கும்போது மணிக்கட்டு இறங்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது வரிசையே சிரிக்கும்.

ஆக, இது அசல் போலத் தெரிய வேண்டும் என்பதே என் தொழில். நுனியில் ஆரஞ்சு அடித்துக்கொண்டு கொலைக்காட்சி நடிக்க முடியாது. அதே நேரம் அதைத் தெருவில் யாரும் கையில் எடுத்துப் போகக்கூடாது என்பதில் நானே கறார். மூடிய பெட்டியில் போகும், பெட்டியிலேயே திரும்பும். வழியில் படம் எடுக்கக்கூட யாருக்கும் கொடுப்பதில்லை. எப்படி எடுத்துப் போக வேண்டும், எங்கே காட்டக்கூடாது என்று விதி வைத்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். செய்வதே குற்றம், கோப்பு வைத்திருந்தாலே குற்றம் என்றால்தான் எனக்குப் பிரச்சினை.

கயல்_சட்டம்

சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இந்தப் பேச்சு உருப்படும். வெறும் "தடை வேண்டும், வேண்டாம்" என்பதில் பயனில்லை.

நியூ சவுத் வேல்ஸிலிருந்து தொடங்குகிறேன். அங்கே 1996 துப்பாக்கிச் சட்டத்தின் 51எஃப் பிரிவு, 3டி பிரிண்டரிலோ மின்னணு மில்லிங் இயந்திரத்திலோ (உலோகத்தைக் குடைந்து வடிவமாக்குவது) துப்பாக்கி செய்வதற்கான டிஜிட்டல் வரைபடத்தை வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. செய்யும் எண்ணம் இருந்ததா என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. தன்னிடம் இருப்பதே தெரியாது, தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை என்றோ, கேட்காமல் வந்து சேர்ந்தது, தெரிந்ததும் அகற்ற முயன்றேன் என்றோ காட்டினால் தப்பிக்கலாம். உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. இப்போது அதே சட்டத்தின் 4டி பிரிவைப் பாருங்கள். தோற்றத்தில் துப்பாக்கியைப் பெருமளவு ஒத்த எதுவும் போலித் துப்பாக்கி. நிறம், எடை, எதனால் செய்தது, பாகங்கள் அசையுமா என்பதெல்லாம் கணக்கில் வராது. அந்தப் போலிக்கும் சட்டம் பொதுவாக அசலைப் போலவே பொருந்தும். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகச் செய்து அடையாளப்படுத்தியதற்கு மட்டும் விலக்கு.

இரண்டு பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். நாடகப்பட்டறை செய்யும் குழலில்லாத கெட்டித் துப்பாக்கியின் கோப்பு எந்தப் பக்கம் விழும்? நீதிமன்றம் எப்படிச் சொல்லும் என்பது வேறு. அந்தக் கேள்வியோடு ஒரு கைவினைஞர் கூண்டில் நிற்க நேர்வதே தண்டனையில் பாதி.

கனடா பார்வை வேறு. சி-21 சட்டம் 2023 டிசம்பர் 15 அன்று ஒப்புதல் பெற்றது. துப்பாக்கி தொடர்பான கணினித் தரவை, தயாரிக்கும் நோக்கத்தோடோ கடத்தும் நோக்கத்தோடோ வைத்திருந்தால்தான் குற்றம், 10 ஆண்டு வரை சிறை. நோக்கம் என்ற சொல்லில்தான் சட்டமே நிற்கிறது. ஆய்வாளர், பத்திரிகையாளர், தெரியாமல் இறக்கியவர் எல்லோரும் அந்தச் சொல்லால் வெளியே நிற்கிறார்கள். சி-21 மசோதாவாக இருந்தபோது அசல் போலத் தெரியும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளையும் தடை செய்யும் ஒரு பிரிவு அதில் இருந்தது. விளையாடுபவர்களும் கடைக்காரர்களும் விடாமல் எதிர்க்க, குழுநிலையில் 2023-ல் அந்தப் பிரிவு கழன்றது. குறிப்பு அனுப்பி என்ன ஆகப்போகிறது என்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பிரிட்டன் மாதிரிகளுக்கு நடைமுறையான ஒரு வழி வைத்திருக்கிறது. 2006 வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் அசல் போலத் தெரியும் மாதிரியைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. ஆனால் நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி, அருங்காட்சியகம், வரலாற்று நிகழ்வு மறுநடிப்பு இவற்றுக்குச் செய்தால் அதையே எதிர்வாதமாகச் சொல்லித் தப்பலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1870-க்கு முந்தைய தோற்றம் கொண்டவை கணக்கிலேயே இல்லை. பளீர் நிறத்தில் செய்தால் பிரச்சினை இல்லை.

அமெரிக்காவில் இன்னொரு பாதை. 2022-ல் வந்த விதி, பாதி முடித்த துப்பாக்கிக் கிட்டுகளையும் துப்பாக்கியாகவே கருதி வரிசை எண் கேட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அந்த விதி செல்லும் என்றது. அங்கே பிடி விற்பவர் மேல் விழுகிறது, வரைந்தவர் மேல் விழவில்லை.

சும்மா_ஒருவன்

கோப்பு என்பது பேச்சு. பேச்சைத் தடை செய்ய முடியாது. கத்தி செய்யும் முறையை எழுதினால் குற்றமா?

கயல்_சட்டம்

அந்த வாதம் அமெரிக்க நீதிமன்றங்களில் பல வருடமாக நடக்கிறது, இன்னும் ஒரு கரைக்கு வரவில்லை. 2018-ல் அரசு டிஃபென்ஸ் டிஸ்ட்ரிபியூட்டட்டோடு சமரசம் செய்துகொண்டது. கோப்புகள் மறுபடி வெளியாக இருந்த நேரத்தில் சியாட்டில் நீதிபதி ராபர்ட் லாஸ்னிக் தடை போட்டார். அதோடு அமெரிக்காவுக்கு வெளியே பேச்சுரிமை வாதத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. பொதுக் குறிப்பை அதன்மேல் கட்டினால் சாய்ந்துவிடும். நோக்கத்தின்மேல் கட்டுங்கள்.

தடயம்

> நோக்கம் என்ற சொல்லில்தான் சட்டமே நிற்கிறது

அம்மா, காகிதத்தில் அழகாக இருக்கிறது. களத்தில் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு வீட்டில் சோதனை போடுகிறோம். கணினியில் ஒரு கோப்புறை முழுக்கத் துப்பாக்கிப் பாகங்கள், பக்கத்தில் பிரிண்டர், ஃபிலமென்ட் சுருள்கள். அச்சிட்டது எதுவும் இல்லை. "சும்மா பார்க்க இறக்கினேன்" என்கிறான். நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? அவன் செய்து முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?

கயல்_சட்டம்

இல்லை ஐயா. சதி வழக்கிலும் வெடிமருந்து வழக்கிலும் நோக்கத்தைச் சூழ்நிலையை வைத்துத்தானே நிரூபிக்கிறீர்கள்? அவன் வாங்கிய உலோகப் பாகங்கள், தோட்டா, யாரோடு என்ன பேசினான், விலை பேசினானா, முன்பு அச்சிட்டு உடைத்த துண்டுகள் குப்பையில் இருக்கிறதா. இதில் எதுவுமே இல்லாமல் கோப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால், பிடிக்காமல் விடுவதுதான் சரி என்று நான் சொல்வேன். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

தடயம்

ஒத்துக்கொள்ளவில்லைதான். சுட்ட பிறகு வந்து மேசையில் கிடப்பதைப் பார்ப்பவன் நான். ஆனால் பிரிண்டர் பூட்டு விஷயத்தில் ஃபர்ம்வேர் சொல்வது சரி. அந்தப் பணத்தையும் ஆட்களையும் விற்பனை வலைகளைத் தேடுவதில் போட்டால் எங்களுக்கு நூறு மடங்கு உதவி. மாற்றுப் பாகத்தை விற்பவன் ஒன்றோடு நிற்க மாட்டான், டஜன் கணக்கில் விற்பான். அவனைத் தேட வடிவத்தை ஊகிக்கும் மென்பொருள் வேண்டாம்.

நாடகப்பட்டறை

சரி, முதல் வரைவு போடுகிறேன். திருத்துங்கள்:

"உரிமமின்றித் துப்பாக்கியோ, அதைத் தானியங்கியாக மாற்றும் பாகமோ தயாரிப்பதும் விற்பதும், எந்த முறையில் செய்தாலும், கடும் குற்றமாக இருப்பதை ஆதரிக்கிறோம். டிஜிட்டல் கோப்பைப் பொறுத்தவரை, தயாரிக்கும் அல்லது கடத்தும் நோக்கம் இருந்தால் மட்டுமே குற்றம் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். சுட முடியாத மாதிரிகளின் கோப்புகளை அதிலிருந்து விலக்க வேண்டும். மேடை, திரை, அருங்காட்சியகம், பயிற்சி ஆகியவற்றுக்கு மாதிரி செய்வதை அனுமதித்து, பொது இடத்தில் எடுத்துச் செல்வதற்கு விதி வகுக்க வேண்டும். 3டி பிரிண்டர்களில் தடுப்புத் தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக்கக்கூடாது."

அல்லிராணி

"பயிற்சி" என்பதோடு "கல்வி" என்றும் சேருங்கள். மாதிரியை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்றும் ஒரு வரி வேண்டும். இது இல்லாமல் நான் என் பெயர் போட மாட்டேன்.

நாடகப்பட்டறை

சேர்த்துவிட்டேன். எனக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை.

தடயம்

"சுட முடியாத மாதிரி" என்பதற்கு விளக்கம் எழுதாவிட்டால் அந்த ஓட்டையில் லாரியே போகும். போலியை உரிமமின்றி அசலாக மாற்றக்கூடாது என்று இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு அப்போதே சொல்லிவிட்டது, காரணம் இல்லாமல் இல்லை. "குழல் துளையோ, தோட்டா உட்காரும் அறையோ, அடிக்கும் பொறியமைப்போ இல்லாததும், சாதாரணக் கருவிகளால் அவற்றை ஏற்படுத்த முடியாததும்" என்று போடுங்கள். உங்கள் கெட்டித் துப்பாக்கி இதில் தாராளமாக அடங்கும்.

ஏர்சாஃப்ட்_பிரியன்

அப்படிப் போட்டால் எங்கள் கதி? ஏர்சாஃப்டில் குழலும் உண்டு, பொறியமைப்பும் உண்டு. பிளாஸ்டிக் குண்டுதான் சுடும். பழைய மாடல்களுக்கு உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்காது, பிரிண்டரில் எடுத்துத்தான் ஓட்டுகிறோம்.

கயல்_சட்டம்

ஏர்சாஃப்டை இந்த வரையறைக்குள் திணிக்காமல் தனிப் பத்தியாக வைப்பது நல்லது. பிரிட்டனில் அங்கீகரிக்கப்பட்ட ஏர்சாஃப்ட் விளையாட்டுக்குத் தனி எதிர்வாதம் இருக்கிறது, மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதையே முன்மாதிரியாகக் காட்டுங்கள். தடயம் ஐயா கொடுத்த வரையறையை அப்படியே வைத்துக்கொள்ளலாம், நன்றாக இருக்கிறது.

ஃபர்ம்வேர்_பித்தன்

கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம். "3டி பிரிண்டர்களில்" என்று மட்டும் எழுதினால் போதாது. சில வரைவுகளில் இயந்திரத்துக்குக் கொடுக்கும் வரையறை, டிஜிட்டல் கோப்பிலிருந்து பொருள் செய்யும் எதையும் உள்ளே இழுக்கிற மாதிரி இருக்கிறது. சிஎன்சி (கணினி வழி இயங்கும்) கடைசல், மில்லிங், லேசர் கட்டர், ஏன், கணினித் தையல் இயந்திரம்கூட மாட்டும். "கணினி வழி இயங்கும் பொதுப் பயன்பாட்டுத் தயாரிப்பு இயந்திரங்களில்" என்று மாற்றுங்கள். அப்படியே, ஏற்கெனவே விற்ற இயந்திரங்களுக்கும் மறுவிற்பனைக்கும் எந்தக் கட்டுப்பாடும் பின்னோக்கிப் பொருந்தக்கூடாது என்றும் ஒரு வரி. ஃபர்ம்வேரை மாற்றுவதையே குற்றமாக்கிவிட்டால் பழுதான போர்டை மாற்றக்கூட வழியில்லாமல் போகும்.

நாடகப்பட்டறை

எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்திய வரைவை இழையின் முதல் பதிவில் போட்டுவிட்டேன். ஏர்சாஃப்ட் தனிப் பத்தியாக இருக்கிறது. தடயம் ஐயா கோப்பு விஷயத்தில் மாறுபடுவதையும் அடியில் அவர் சொற்களிலேயே சேர்த்திருக்கிறேன், அவர் சம்மதித்தால் அப்படியே போகட்டும்.

தடயம்

சம்மதம். "தானியங்கியாக மாற்றும் பாகம்" என்ற இடத்தில் "எந்தப் பொருளால் செய்திருந்தாலும்" என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். உலோகத்தில் வார்த்ததும் நிறைய வருகிறது.